பலி, மர்மம், பயங்கரம்: அன்றாட அபாயங்களும் நமது நாளிதழ்களும்

மதுரை மாநகரில் வைகையின் தென்கரையை ஒட்டிய சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் அமைந்துள்ளது. அதன் நாளிதழ்ப் பகுதியில் காலை வேளையில் அமர்ந்து படிப்போர் பலதரப்பினர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், போட்டித் தேர்வுக்குத் தம்மைத் தயார் செய்யும் இளைஞர்கள், சுற்றுப்புறக் கடைகளின் பணியாளர்கள், பேருந்துக்குக் காத்திருக்கும் வெளியூரார் என அனைவரையும் அங்கு காணலாம். ஒரே நாளிதழின் தாள்கள் நால்வர் கைகளில் பிரிந்திருக்கும். ஒருவர் படித்து முடித்ததை மற்றொருவர் உரத்துச் சொல்வார். அச்செய்தி குறித்த அச்சமும் அனுதாபமும் கோபமும் அந்த மேசையிலேயே பகிர்ந்துகொள்ளப்படும். பின்னர் அவர்கள் எழுந்து வெளியே வந்து, நகரப் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் இரு சக்கர வாகனங்களும் நெருக்கியடித்துச் செல்லும் சாலையைக் கையை நீட்டியபடி கடந்து செல்வர். அன்றைய தினத்தில் அவர்கள் எதிர்கொள்ளும் அபாயங்களுள் மிகப் பெரியது பெரும்பாலும் அந்தச் சாலைதான். ஆயினும் அவர்களது பேச்சில் அது இடம்பெற்றிருக்காது.

இந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள். மக்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், எதற்கு அஞ்ச வேண்டியிருக்கிறது என்பவற்றுக்கு இடையில் செய்தித்தாள் எத்தகைய பணியை ஆற்றுகிறது என்பதை நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். மதுரைக்கு இவ்வாராய்ச்சியில் தனிப் பொருத்தம் உண்டு. எளிய தமிழில், உழைக்கும் மக்களும் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தக்க வகையில் அமைந்த ‘தினத்தந்தி’ 1942ஆம் ஆண்டு சி.பா. ஆதித்தனாரால் தொடங்கப்பட்டது இந்நகரில்தான். தேநீர்க் கடைகளைத் தமிழரின் வாசகசாலைகளாக மாற்றிய பெருமை அவ்விதழுக்கு உண்டு. அதைத் தொடர்ந்து காலை, மாலை இதழ்கள் பல இங்கிருந்து வெளிவந்தன. கடை வாசலில் தொங்கும் செய்திச் சுவரொட்டியைப் படித்துவிட்டு, இதழை வாங்காமலேயே ‘செய்தி தெரிந்தவராக’ நகர்ந்து செல்வோர் இன்றும் உளர்.

எது செய்தியாகிறது?

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியொன்றில் தீப்பற்றியது. தடையை மீறி எடுத்துவரப்பட்ட சமையல் எரிவாயு உருளையே அதற்குக் காரணம் எனக் கூறப்பட்டது. வட இந்தியாவிலிருந்து புனித யாத்திரை வந்த ஒன்பது பேர் உயிரிழந்தனர். அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இதனையே விரிவாக வெளியிட்டன. அது நியாயமே. ஒன்பது உயிர்களின் இழப்பு பேசப்பட வேண்டியது. விதிமீறல் விசாரிக்கப்பட வேண்டியது.

எனினும் ஒரு கணக்கை இதனருகில் வைத்து நோக்குவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழகத்தில் மட்டும் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் இறந்தனர். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். ரயில் பெட்டித் தீவிபத்தைப் போன்ற ஐந்து நிகழ்வுகள் தமிழகத்தில் ஒவ்வொரு நாளும், விடுமுறையின்றி நிகழ்வதற்கு இது ஒப்பாகும். ஆனால் இந்த 49 பேரும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் இறப்பதில்லை. மேலூர் அருகே ஒருவர், வாடிப்பட்டி அருகே இருவர் என அவர்கள் சிதறிப் போகின்றனர். அந்தந்த மாவட்டப் பதிப்பின் உட்பக்கத்தில் நான்கு வரிகளாக முடிந்துவிடுகின்றனர். அடுத்த மாவட்டத்து வாசகருக்கு அந்த நான்கு வரிகளும் கிட்டுவதில்லை.

செய்தி என்பது வழக்கத்திற்கு மாறானது என்ற இலக்கணத்தை இதழியல் தனக்கு வகுத்துக்கொண்டுள்ளது. வழக்கமாக நிகழ்வது அவ்விலக்கணப்படி செய்தியாகாது. அன்றாட அபாயம் என்பதோ, அதன் பெயரே சுட்டுவது போல, வழக்கமாக நிகழ்வது. எனவே மிகுதியாகக் கொல்வது குறைவாக எழுதப்படுவதும், அரிதாகக் கொல்வது மிகுதியாக எழுதப்படுவதும் இதழாளர் ஒருவரது தீய எண்ணத்தின் விளைவாக இருக்க வேண்டியதில்லை. தொழிலின் அமைப்பிலேயே அச்சாய்வு இருக்கிறது.

இதனை ஆய்வாளர்கள் முன்பே கண்டறிந்துள்ளனர். எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதாக மனித மனம் கணித்துக்கொள்கிறது என்பதை ஆமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் எடுத்துக்காட்டினர். பால் ஸ்லோவிக்கும் அவருடைய சகாக்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், சூறாவளி, கொலை போன்ற பரபரப்பான மரணங்களை மக்கள் மிகைப்படுத்தியும், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற ஓசையற்ற மரணங்களைக் குறைத்தும் மதிப்பிட்டமை புலப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் இரு வேறு மாநிலங்களின் இரு நாளிதழ்கள் ஆராயப்பட்டன. நோய்களால் இறப்போர் கொலையுண்டோரைக் காட்டிலும் பன்மடங்காக இருந்தும், நோய்கள் அனைத்தையும் பற்றிய செய்திகளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கொலைச் செய்திகள் வெளியாகியிருந்தன. மக்களின் தவறான மதிப்பீடும் நாளிதழ்களின் இடப்பங்கீடும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன.

இச்சாய்வு உயிரையும் வாங்கும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர் அமெரிக்கர் பலர் விமானப் பயணத்திற்கு அஞ்சிக் கார்களில் நெடும்பயணம் மேற்கொண்டனர். அடுத்த ஓராண்டில் அதன் விளைவாகச் சாலைகளில் கூடுதலாக இறந்தோர் சுமார் 1,500 பேர் என ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். அவர்களை எந்தப் பயங்கரவாதியும் கொல்லவில்லை. அபாயத்தைத் தவறாக அளந்த அச்சமே கொன்றது.

சொற்கள் செய்யும் வேலை

எவ்வளவு எழுதப்படுகிறது என்பதோடு எச்சொற்களால் எழுதப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நமது நாளிதழ்களின் தலைப்புகளில் இறப்பைக் குறிக்க நிலைபெற்றுவிட்ட சொல் ‘பலி’. ‘லாரி மோதி வாலிபர் பலி’, ‘சுவர் இடிந்து மூவர் பலி’ என்னும் வாய்பாடுகளை அறியாத தமிழ் வாசகர் இல்லை. இரண்டெழுத்தில் அடங்குவதால் தலைப்புக்கு வசதியானது என்பது அதன் தோற்றத்துக்குக் காரணமாகலாம். ஆனால் பலி என்பது தெய்வத்துக்குப் படைக்கப்படுவது. படைக்கப்பட்டதைப் பற்றி எவரும் கணக்குக் கேட்பதில்லை. சாலையில் தடுப்புச் சுவர் ஏன் இல்லை, அவ்விடத்தில் இதற்கு முன் எத்தனை பேர் இறந்தனர், ஓட்டுநர் எத்தனை மணி நேரம் உறங்காமல் வண்டி ஓட்டினார் என்னும் வினாக்களை ‘பலி’ என்ற சொல் எழ விடுவதில்லை. உடன் வரும் ‘விதி விளையாடியது’, ‘எமனாக வந்த லாரி’ போன்ற தொடர்கள் எஞ்சிய வினாக்களையும் மூடிவிடுகின்றன.

இரண்டாவது சொல் ‘மர்மக் காய்ச்சல்’. தமிழகத்தில் 2012ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சலால் 12,826 பேர் பாதிக்கப்பட்டு 66 பேர் இறந்தனர் என்றும், 2017இல் 23,294 பேர் பாதிக்கப்பட்டு 65 பேர் இறந்தனர் என்றும் அரசின் கணக்குகள் கூறுகின்றன. அவ்வாண்டுகளில் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட சொல் மர்மக் காய்ச்சல் என்பதே. டெங்குவில் மர்மம் ஏதுமில்லை. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. குடம், தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியன அதன் பிறப்பிடங்கள். இவை யாவும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத தெருக்களில் மக்கள் தண்ணீரைச் சேமித்து வைக்கவே செய்வர். ஆகவே காய்ச்சலின் வேர் குடிநீர் வழங்கலில் இருக்கிறது. ‘மர்மம்’ என்ற சொல் அவ்வேரைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. இறப்புகளை டெங்கு மரணம் என ஒப்புக்கொள்ளத் தயங்கும் நிர்வாகத்துக்கும் அச்சொல் உதவியாக அமைகிறது. வாசகருக்குக் கிட்டுவது அச்சம் மட்டுமே. குடத்தை மூடி வைக்க வேண்டும் என்ற அறிவு அன்று.

மூன்றாவதாக, அபாயத்தை இடம் மாற்றிக் காட்டும் போக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2015 ஜூலை முதல் தமிழகத்தில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அக்காலத்துச் செய்திகளில் மிகுதியும் இடம்பெற்றவை காவல்துறையின் சோதனை, அபராதத் தொகை, கடைகளில் விலையேற்றம், வழக்கறிஞர்களின் எதிர்ப்பு ஆகியவையே. தலைக்கவசம் இன்றி வண்டி ஓட்டுபவருக்கு நேரக்கூடிய ஆபத்து போலீஸ்காரர்தான் என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. சோதனை நடைபெறும் சந்திப்பு வரும் வரை கவசத்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு செல்லும் காட்சியை நாம் இன்றும் காண்கிறோம். 2022இல் மட்டும் தலைக்கவசம் அணியாது இறந்தோர் நாடு முழுவதும் 50,029 பேர்.

இன்னும் சில அபாயங்களுக்குச் சொல்லே கிடைப்பதில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கின்றனர் என்பது 2020இல் வெளியான ஒரு பெரும் ஆய்வின் மதிப்பீடு. இறப்போர் பெரும்பாலும் வயல்வெளி உழைப்பாளரும் தரையில் உறங்குவோரும் ஆவர். தமிழக அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. நாளிதழ்களிலோ பாம்பு ஓர் அலுவலகத்துக்குள் புகுந்தால் மட்டுமே படத்துடன் செய்தியாகிறது. நீரிழிவின் நிலையும் இதுவே. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு, அதாவது வளர்ந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கூறிற்று. ஒரு நாள் செய்தியாக அது வந்து மறைந்தது.

அபாயத்துக்கு ஒரு முகம்

இதுவரை கூறியவை அளவு பற்றியவை. அபாயத்துக்குச் செய்தி ஒரு முகத்தை வரைந்து தரும்போது நிலைமை வேறாகிறது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்தி வடமாவட்டங்களில் கைபேசிகள் வழியே பரவியது. கோயில் ஒன்றைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டத்திற்குச் சென்ற முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கினார் என்பதற்காக ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைக்கு இனிப்புக் கொடுக்கும் பாட்டி என்பது அதுவரை நமது பண்பாட்டில் அன்பின் உருவமாகவே இருந்தது. சில நாட்களின் வதந்தி அதனைக் கொலைக்குரிய அடையாளமாக மாற்றிவிட்டது.

2020ஆம் ஆண்டில் இம்முகம் நமது சமுதாயத்தின் மீது வரையப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பதிவாயிற்று. அம்மாத நடுவில் தில்லி நிஜாமுத்தீனில் நடைபெற்ற தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குத் தமிழகத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்று திரும்பியிருந்தனர். அவர்களிடையே தொற்று பரவியிருந்தது உண்மை. பெருந்திரளாகக் கூடுவது அந்நாட்களில் அபாயமானது என்பதும், அதனைச் சிலர் உரிய அளவில் உணரவில்லை என்பதும் மறைக்கத்தக்கவை அல்ல. ஆயினும் அதன் பின்னர் நிகழ்ந்தது நோய்த் தடுப்புச் செய்தியின் எல்லையைக் கடந்து சென்றது. நாள்தோறும் வெளியான எண்ணிக்கையில் அக்கூட்டத்துடன் தொடர்புடையோர் தனியே பிரித்துக் காட்டப்பட்டனர். பின்னர் ‘ஒரே மூலம்’ என்ற சொல் வழங்கப்பட்டது. வட இந்தியத் தொலைக்காட்சிகளில் நோய்க்கும் ‘ஜிஹாத்’ என்ற சொல் ஒட்டப்பட்டது. தள்ளுவண்டியில் பழம் விற்ற முஸ்லிம்களைப் புறக்கணிக்குமாறு சில ஊர்களில் அழைப்பு விடுக்கப்பட்டது. யானைக்கல், சிம்மக்கல் பகுதிகளில் பழம் வாங்கிப் பழகிய எவருக்கும், பழக்காரரின் மதம் கேட்டு வாங்கும் வழக்கம் எவ்வளவு அந்நியமானது என்பது தெரியும். ஒரு வாரத்துத் தலைப்புகள் போதுமாயிருந்தன, அத்தகைய கேள்வியை நாட்டில் எழுப்புவதற்கு.

சோதனைகளின் முறையையும் இங்கு கருத வேண்டும். ஒரு கூட்டத்தினரைத் தேடிக் கண்டு முழுமையாகச் சோதித்தால் நோயாளிகளின் பட்டியலில் அவர்களது விழுக்காடு உயர்ந்தே தோன்றும். சோதனை குறைவாக நடந்த ஏனைய மக்களுடன் அவ்விழுக்காட்டை ஒப்பிடல் கணக்கியற் பிழை. இதனைச் சுட்டிய செய்திகள் மிகச் சில. மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தை அதைவிடப் பெரிய தொற்றுத் தொகுதியாக மாறி, பல மாவட்டங்களுக்கு நோயைக் கொண்டு சென்றது. அப்போது எந்த வணிகச் சமூகத்தின் மீதும் சதிப்பழி சுமத்தப்படவில்லை. அவ்வாறு சுமத்தப்படாமையே சரியானது. கோயம்பேட்டுச் செய்திகளில் பேணப்பட்ட அந்நிதானம் சில வாரங்களுக்கு முன் எங்கே இருந்தது என்பதே நமது வினா.

நீதிமன்றங்கள் பின்னர் பேசின. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 ஜூனில், தமிழகத்தில் சிக்கியிருந்த வெளிநாட்டுத் தப்லீக் உறுப்பினர்கள் போதிய அளவு துன்புற்றுவிட்டதாகக் கருதி அவர்கள் நாடு திரும்ப வழி செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அச்சிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் பெரும் பிரச்சாரம் நடந்ததையும் அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டது. 2025 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் இந்தியர் 70 பேர் மீதான வழக்குகளையும் ரத்து செய்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த அத்தீர்ப்பைப் பெரும்பாலான வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. குற்றச்சாட்டு முதற்பக்கத்தில் வந்தது. விடுவிப்பு உட்பக்கத்தில் வந்தது. மனத்தில் பதிந்த முகம் முதற்பக்கத்தினுடையதே.

ஏர்வாடியும் நமது மௌனமும்

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்வது கடமையாகிறது. பரபரப்புச் செய்தி தீங்கு மட்டுமே செய்கிறதா? 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவர்களால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அச்செய்தி நாட்டையே உலுக்கியது. நாளிதழ்ச் செய்தியின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மனநலக் காப்பகங்கள் குறித்து மாநிலங்கள் அனைத்துக்கும் உத்தரவுகள் பிறப்பித்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகிய பின்னரே பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பெருஞ்செய்தி இன்றி இம்மாற்றங்கள் நிகழ்ந்திரா.

இதனை நாம் முழுமனத்துடன் ஏற்கிறோம். ஆனால் ஏர்வாடி நமக்கு இன்னொன்றையும் உணர்த்துகிறது. அச்சங்கிலிகள் ஆகஸ்ட் 6ஆம் நாள் பூட்டப்பட்டவை அல்ல. ஜியாரத்துக்காக அங்கு சென்று வந்த நம்மில் பலர் அவற்றைக் கண்டிருக்கிறோம். மரத்தடியில் கட்டுண்டு அமர்ந்திருந்தோரைக் கடந்து சென்றிருக்கிறோம். அது அன்றாடக் காட்சியாக இருந்ததனால் நாளிதழ்களுக்குச் செய்தியாகவில்லை, நமக்கும் செய்தியாகவில்லை. நமது சமுதாய ஏடுகளும் அதனைப் பற்றி உரிய காலத்தில் உரத்துப் பேசவில்லை. 2020இல் நம்மீது சுமத்தப்பட்ட அநீதியைச் சுட்டும் தகுதியை நாம் பெற வேண்டுமாயின், 2001க்கு முன் நாம் காத்த மௌனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எரிந்த பின் எழுதப்படுவதற்கும் எரியும் முன் எழுதப்படுவதற்கும் உள்ள தொலைவு 28 உயிர்கள்.

செய்தியைச் சோதித்த மரபு

நமது அறிவு மரபில் செய்தி என்பது எளிதாகக் கருதப்பட்ட ஒன்றல்ல. நம்பத்தகாதவர் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பது அதற்கு அவ்வசனம் கூறும் காரணம். அந்நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனமோ நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பாதுகாப்பையோ அச்சத்தையோ பற்றிய செய்தி கிட்டியதும் அதனைப் பரப்பிவிடுவோரை அது கண்டிக்கிறது. ஆய்ந்து உண்மையை வெளிக்கொணரும் ஆற்றல் உடையோரிடம் அதனைக் கொண்டுசெல்வதே முறை எனக் காட்டுகிறது. அச்சச் செய்தியைத் தனியாகப் பெயரிட்டுச் சொல்லியிருப்பது சிந்திக்கத்தக்கது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்னும் கருத்தமைந்த நபிமொழியும் நம்மிடையே உண்டு. கைபேசியில் வந்ததைப் படிக்காமலேயே பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் நமது பழக்கத்தை அதனருகில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஹதீஸ் அறிஞர்கள் செய்தியை அறிவிப்பாளர் தொடர், செய்தியின் உள்ளடக்கம் என இரு வழிகளில் சோதித்தனர். 1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் இச்சோதனையைச் சமுதாய இயல் நோக்கி விரித்தார். செய்தியில் பொய் நுழையும் வாயில்களாக அவர் கட்சிப் பற்று, அறிவிப்பாளர் மீதான குருட்டு நம்பிக்கை, அதிகாரத்தில் உள்ளோரை மகிழ்விக்கும் விருப்பம், மனித வாழ்வின் இயல்பை அறியாமை ஆகியவற்றை எண்ணுகிறார். பெரும் எண்களின் மீதும் விந்தைகளின் மீதும் மனிதருக்குள்ள மோகத்தையும் அவர் சுட்டுகிறார். மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என மஸ்ஊதி போன்ற வரலாற்றாசிரியர்கள் கூறியதை அவர் ஏற்கவில்லை. அத்தனை பெரிய படை எந்நிலத்தில் நிற்கும், எவ்வாறு நகரும், ஒரு முனையில் நிகழ்வது மறுமுனைக்கு எவ்வாறு தெரியும் என்று கேட்டார். எண்ணைக் கண்டதும் வியக்காமல், அந்த எண் நடைமுறையில் எதைக் குறிக்கிறது என வினவும் இம்முறையே இன்று அபாயச் செய்திகளுக்கு வேண்டியது. 1348, 1349ஆம் ஆண்டுகளில் பரவிய பெருங்கொள்ளை நோய்க்குத் தூனிஸில் தம் பெற்றோரை இளமையிலேயே இழந்தவர் அவர் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். அபாயத்தின் வலியை அறிந்த ஒருவரே கணக்கின் நிதானத்தையும் வலியுறுத்தினார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிச் சென்றபோது ஸர்ஃக் என்னுமிடத்தில், அங்கு கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தியைக் கேட்டார்கள். அவர்கள் உடனே அஞ்சித் திரும்பவுமில்லை. விதி என்று கூறி முன்னேறவுமில்லை. பல தரப்பாரையும் அழைத்து ஆலோசித்தார்கள். பின்னர் திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விளக்கினார்கள். கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் செல்லவும் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அறிவித்ததும் அம்முடிவு உறுதியாயிற்று. ‘விதி விளையாடியது’ என எழுதும் இதழாளரும், தலைக்கவசம் இன்றி ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ எனக் கூறி வண்டியை எடுக்கும் நம் இளைஞரும் இந்நிகழ்ச்சியை ஒருசேரப் படிக்கத் தக்கவர்கள்.

என்ன செய்யலாம்?

செய்தித்தாள்கள் அச்சமூட்டும் செய்திகளை வெளியிடக் கூடாது என்பது நமது கோரிக்கை அன்று. சில எளிய பழக்கங்களையே நாம் எதிர்பார்க்கிறோம். ஒரு விபத்துச் செய்தியுடன் அதே இடத்தில் முந்தைய ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றின் எண்ணிக்கையும் அதனைத் தடுக்கும் வழியும் ஒரு வரியில் சேர்க்கப்படலாம். ‘பலி’ என்பதற்கு மாற்றாக ‘இறந்தார்’, ‘உயிரிழந்தார்’ என்னும் சொற்கள் தமிழில் இருக்கின்றன. நோய்க்குப் பெயர் இருக்குமாயின் அப்பெயரையே எழுதலாம். பெயர் உறுதியாகாத நிலையில் உறுதியாகவில்லை என்றே எழுதலாம். ஒரு கூட்டத்தார் மீது குற்றஞ்சாட்டிய அதே பக்கத்தில், அதே அளவில், அவர்கள் விடுவிக்கப்பட்ட செய்தியும் வெளிவர வேண்டும். இவை எவற்றுக்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

வாசகர்களாகிய நமக்கும் கடமை உண்டு. ஜும்ஆப் பேருரைகளில் தலைக்கவசத்தையும் மூடி வைத்த குடத்தையும் சர்க்கரைப் பரிசோதனையையும் பற்றிப் பேசுவது சன்மார்க்கத்துக்குப் புறம்பானதன்று. நமது ஏடுகள் நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைப் பதிவு செய்வதோடு, நம்மிடையே கண்ணெதிரே இருந்தும் காணப்படாதவற்றையும் எழுத வேண்டும். மற்றொரு சமுதாயத்தைப் பற்றிய அச்சச் செய்தி நமது கைபேசிக்கு வரும்போது, 2020இல் பிறர் நமக்குச் செய்திருக்க வேண்டியதை நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும்: நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

நூலகத்தை விட்டு வெளியே வந்தால் சிம்மக்கல்லின் தெருக்களில் வடையும் பஜ்ஜியும் மணக்கும் கடைகள் உண்டு. சூடான வடையைப் பழைய நாளிதழ்த் துண்டில் வைத்து, எண்ணெய் பிழிந்து தருவது நம் ஊர்களின் நெடுநாள் வழக்கம். அச்சு மையில் உள்ள ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் உணவில் கலக்கும் என்பதால், நாளிதழில் உணவை மடித்துத் தர வேண்டாம் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் அறிவுறுத்தியது. 2023இலும் அதனை மீண்டும் வலியுறுத்தியது. அந்த எச்சரிக்கையும் நாளிதழ்களில் வெளியானது. சிறிய செய்தியாக, உட்பக்கத்தில். மறுநாள் அத்தாளிலும் வடை மடிக்கப்பட்டிருக்கும். முதற்பக்கத்துப் பயங்கரத்தைப் படித்துப் பதறிய நாம், அந்தத் தாளிலேயே எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சாலையைக் கடக்கிறோம். அச்சத்தை அளந்து கொள்ளும் பயிற்சி நமக்கு அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.